அரை டம்ளர் காபி

ஏழு வருஷமாகக் கோதண்டத்துக்கு அரை டம்ளர் காபிதான். முழுதாக ஊற்றினால் பார்க்கின்சன் நடுக்கத்தில் மடியெல்லாம் சிந்திவிடும். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் சவரம் செய்துவிடுவதும் மனைவி செண்பகவல்லிதான். அவளை அடிக்க அவர் ஓங்கும் கையும் பாதி வழியில் ஆடி விழுந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவள் முகம் வீங்காமல் இருந்தது அந்த ஏழு வருஷம்தான்.

மகள் அனுப்பிய, நடுக்கம் நிறுத்தும் மின்னணுக் காப்பை மணிக்கட்டில் மாட்டிய அன்று, அவர் தானே சவரம் செய்துகொண்டார். தானே பொத்தான் போட்டுக்கொண்டார். செண்பகவல்லி பழக்கதோஷத்தில் அரை டம்ளர் காபியை நீட்டினாள்.

"என்னை இன்னும் சீக்காளின்னா நெனச்சே?"

ஓங்கிய கை இந்த முறை ஆடவே இல்லை. அவள் கடைவாய்ப் பல் தெறித்து விழுந்தது.

சாயங்காலம் காப்பு இனிமையான குரலில் கேட்டது: "இன்று உங்கள் கை எப்படி வேலை செய்தது? பத்துக்கு எத்தனை மதிப்பெண்?"

"பத்து!" என்றார் கோதண்டம்.

மறுநாள் விடிந்து அவர் கண் விழித்தபோது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. சமையலறையில் அம்மிக் குழவிக்கு அடியில் காப்பு தூள்தூளாகக் கிடந்தது.

"எங்கடி காப்பு?"

"அது கெடக்கட்டும். மொதல்ல காபியக் குடிங்க."

கொதிக்கக் கொதிக்க, விளிம்புவரை ஊற்றிய டம்ளரை அவருடைய நடுங்கும் கையில் வைத்தாள்.