நாலாவது தட்டு

பதினாறாம் தேதி, வியாழன். இன்றைய பிழை: ஒரு தட்டைக் கழுவாமல் விட்டேன்.

தினமும் ஒரு பிழையையும் மறுநாளைக்கான ஒரு வேலையையும் தேதி போட்டு எழுதிவரச் சொல்லியிருந்தார் மாலை வகுப்பு ஆசிரியை. மற்றவர்கள் ஏதோ எழுதிக்கொண்டு வந்தார்கள். இவள் மட்டும் நிஜமாகவே யோசித்து எழுதினாள். பிழைக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

அன்று காலை அந்தத் தட்டு தொட்டியில் கிடந்தபோது உதவித்தொகை அலுவலகத்து அம்மாள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மாடி ஏறிவந்த மூச்சை வாங்கிக்கொண்டிருந்தார்.

புருஷன் விட்டுப் போனவளுக்குப் பிள்ளைகளை வளர்க்க மாதாமாதம் பணம் தருகிறார்கள். ஆனால் அவன் போய்விட்டானா என்று வீட்டுக்கே வந்து பார்த்த பிறகுதான் தருவார்கள். சலவைக்கூடத்தில் இவளோடு படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் ஒருத்திக்குக் குளியலறையில் கிடந்த சவரக்கத்தியால் எல்லாம் கெட்டுப்போனது. அது தம்பியுடையது என்று அவள் சொன்னது எடுபடவில்லை.

அதனால் இவள் ஒரு வாரமாக வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்திருந்தாள். தன் புருஷனுடைய பெல்ட்டைத் தூக்கிப் போட்டாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையைக் கிழித்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டாள். கல்யாணப் படத்தைக் கழற்றினாள். ஆணி மட்டும் பிடுங்க வரவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த அம்மாள் கை கழுவ எழுந்து சமையலறைக்குள் வரும்வரை.

"வீட்ல எத்தன பேரும்மா?"

"மூணு பேரு மேடம். நானும் புள்ளைங்க ரெண்டும்."

"நாலு தட்டு கெடக்கே."

இவள் வாயைத் திறப்பதற்குள், வாசலில் ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்த சின்னவன் முந்திக்கொண்டான். "அது எங்கப்பா தட்டு. நாங்க தூங்கினப்புறம் வந்து சாப்பிடுவாரு. நாங்க முழிக்கிறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவாரு."

பாடம் ஒப்பிப்பது போலப் பிசகாமல் சொன்னான். கை கழுவிவிட்டு எழுத எடுத்த அந்த அம்மாளின் பேனா நின்றது.

புருஷன் போன முதல் வாரம் சின்னவன் ராத்திரியெல்லாம் அழுதான். ஓய்ந்துபோய், அப்பாவுக்கு இரவு வேலை என்று சொல்லிவைத்தாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கும் சோறு போட வேண்டியிருக்கிறது. இரவில் இன்னொரு தட்டில் போட்டு மூடி வைப்பாள். விடிவதற்கு முன்னால் எழுந்து தானே சாப்பிட்டுத் தட்டைத் தொட்டியில் போடுவாள். சின்னவன் எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போவான்.

இப்போதெல்லாம் சலவைக்கூடம், அப்புறம் வகுப்பு, அப்புறம் படுத்தால் பிணம். நேரம் கழித்து எழுந்து பதறி ஓடினால், தட்டு ஏற்கெனவே காலியாகத் தொட்டியில் கிடக்கும். எப்போது எழுந்தோம், எப்போது சாப்பிட்டோம் என்று நினைவு வராது. தூக்கக் கலக்கத்தில் செய்திருப்போம் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். வயிறு மட்டும் காலியாக இருக்கும். அதையும் களைப்பின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

"நான் பாத்ததத்தான் எழுதணும்மா" என்றார் அந்த அம்மாள். குரலில் கடுமை இல்லை, அலுப்புதான் இருந்தது. "அப்புறம் ஆஃபீஸ் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

'புருஷன் வருவதில்லை.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் பணம் வரும். ஆனால் சின்னவன் அண்ணாந்து இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடி முன்னால் பின்னல் போட்டுக்கொண்டிருந்த பெரியவள், பல்லில் கடித்திருந்த ரிப்பனை எடுத்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

"அது நான் சாப்பிட்ட தட்டு."

அவள் ரிப்பனைப் பின்னலில் முடிந்தாள்.

"தெனமும் நான்தான் சாப்பிடறேன். அம்மா அசந்து தூங்கிடுவாங்க. அப்பாவுக்கு வச்சது அப்படியே இருந்தா, காலைல பாத்துட்டு அழுவாங்க. அதான்."

இவள் மகளைப் பார்த்தாள். தம்பிக்காக அம்மா போட்ட வேஷத்தை, அப்பாவுக்காக அம்மா காத்துக்கிடக்கும் காத்திருப்பு என்றே அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறது. நம்பி, ராத்திரியில் தனியாக எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

பெரியவள் மறுபடியும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்னவனுடைய உதடு துடித்தது. இத்தனை நாளாக இவள் பயந்துகொண்டிருந்தது இந்த முகத்துக்குத்தான். அவன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தான்.

"அப்ப நீ மட்டும் தெனமும் ரெண்டு தடவ சாப்பிட்டியா?"

அந்த அம்மாள் குழாயைத் திறந்தார். ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் நெடுநேரம் கழுவினார். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு, 'மூன்று பேர்' என்று எழுதினார்.

"நாளைக்குக் காலைல வந்து கையெழுத்துப் போட்டுடு" என்றார். படியில் கால் வைத்தவர் திரும்பினார். "தட்டக் கழுவி வைம்மா. அடுத்த தடவ நான்தான் வருவேன்னு சொல்ல முடியாது."

அன்று மாலை வகுப்பில், பிழையை எழுதி முடித்த பிறகு, வழக்கம்போல ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்ள இவளால் முடியவில்லை.

நாளைய வேலை: காலையில் அலுவலகம் போய்க் கையெழுத்துப் போடுவது. நாலாவது பங்கை மூன்றாகப் பிரிப்பது. அப்பா எங்கே என்று சின்னவன் கேட்டால் சொல்லிவிடுவது.