வலது விரல் மை

மை வைக்க வலது கையை நீட்டச் சொன்னார்கள்.

நீட்டினான். இடது விரலில் காலையிலேயே வைத்தாயிற்று. அது அவன் ஓட்டு.

இது தவசியாண்டியின் ஓட்டு.

சர்க்கரை வியாதி அந்த ஆளின் இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. கண் தெரியாதவர் துணைக்கு ஒருத்தரைக் கூட்டி வரலாம். அவர் சொல்கிற சின்னத்தில் வந்தவர் அமுக்க வேண்டும். வெளியே சொல்லக் கூடாது. அப்படி வருகிறவருக்குத்தான் வலது விரலில் மை.

வாசலில் மண்வெட்டிக் கட்சிப் பையன்கள் நான் வருகிறேன், நான் வருகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். கிழவர் உதறிவிட்டார்.

"எங்கடா என் மாப்ள? அவன் வரட்டும்."

"பெரியப்பா, அந்தாளு கூஜா சின்னம். தெரிஞ்சுதான் பேசுறீகளா?"

"கண்ணுதாண்டா போச்சு."

மாப்பிள்ளை வந்தான். அக்கா புருஷன் கூப்பிட்டதற்காக வரவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால், பேரூராட்சித் தேர்தல். ஆறாவது வார்டில் கூஜா சின்னத்தில் நின்றான். ஒரே ஓட்டில் தோற்றான்.

அந்த ஓட்டு யாருடையது என்று தேட வேண்டிய வேலை இருக்கவில்லை. டீக்கடையில் நாலு பேர் நடுவே, டீயை உறிஞ்சிக்கொண்டே தவசியாண்டியே சொன்னார். மாப்ளயா இருந்தா என்ன, கட்சின்னு வந்தா கட்சிதான்.

அன்றோடு பேச்சு அறுந்தது. அக்கா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடித் துணியை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கு அந்த ஆளின் ஓட்டு இவன் விரல் நுனியில்.

கூஜாவில் அமுக்குவான். வெளியே போனதும் சொல்வான். ஐம்பது வருடமாக மண்வெட்டியைத் தவிர வேறு எதிலும் கை வைக்காத மனுஷன். சாகிற வரைக்கும் உறுத்தட்டும்.

அட்டை மறைப்புக்குள் இரண்டு பேரும் குனிந்தார்கள். கிழவரின் மூச்சு காதில் பட்டது.

"கூஜாவுல அமுக்கு மாப்ள."

விரல் நின்றது.

"அன்னைக்கே போட்டிருக்கணும். ஒங்கக்கா கடைசி வரைக்கும் எனக்குச் சோறு போட்டாளே ஒழிய, முகங்குடுத்துப் பேசல. அமுக்கு. இதோட தீந்து போகட்டும்."

தீர்ந்து போகட்டுமாம்.

ஒரு பொத்தானில் தீர்ந்துவிடுமாம். இவர் போய் நிம்மதியாகப் படுத்துக்கொள்வாராம்.

கூஜாவுக்கு மேலே இருந்தது மண்வெட்டி. அந்தப் படம் வரைந்த சுவர்களில் இவன் சாணி அடித்திருக்கிறான். அந்தக் கட்சிக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் கை நனைத்தது இல்லை.

அமுக்கினான்.

இயந்திரம் நீளமாகக் கத்தியது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் மண்வெட்டிச் சீட்டு கொஞ்ச நேரம் நின்றது. அறுந்து உள்ளே விழுந்தது.

"போட்டுட்டியா?"

"ம்."

கேட்டைத் தாண்டட்டும். தெருவில் வைத்துச் சொல்கிறேன். உன் ஓட்டும் உனக்கே, உன் பாவமும் உனக்கே.

கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனான். கேட்டைத் தாண்டினார்கள். கொஞ்ச தூரம் போய் நின்றான். வாயைத் திறந்தான்.

அதற்குள் கூஜாப் பந்தலிலிருந்து பையன்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"மாமா! கிழட்டு மண்வெட்டி ஓட்டு எதுல விழுந்துச்சு?"

இருபது முகம். எல்லாம் இவனே தோளில் கொடி கொடுத்து வளர்த்த முகம்.

"இதென்னடா கேள்வி? கூஜாவுலதான்."

விசில் பறந்தது. ஒருத்தன் தன் துண்டை எடுத்து இவன் கழுத்தில் போட்டான்.

தவசியாண்டி இவன் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"அது போதும்யா" என்றார்.

அந்தக் காதில் சொல்ல ஒரே ஒரு சொல்தான் பாக்கி. பையன்கள் ஒருத்தனும் நகரவில்லை. சிரித்துக்கொண்டே இவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வீட்டுக்கு வா மாப்ள. ஒங்கக்கா படத்துக்கு முன்னால வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போ."

கிழவர் தடவித் தடவி முன்னால் நடந்தார்.

கை இழுத்த பக்கம் இவனும் போனான்.