முதல் படியில் ஐந்து கோடுகள்

மழைச்சாமியின் பிரமிடுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு பூசும் வேலை உச்சியில் தொடங்கி, நான்கு மாதம் கழித்து இன்றுதான் முதல் படிக்கு இறங்கியிருந்தது. விடிந்தால் அரசர் அதில் கால் வைத்து ஏறி, மழை கேட்பார். மக்காச்சோளம் சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்தால்தான் தோல் கழலும். சூளையில் வெந்த சுண்ணாம்பெல்லாம் பிரமிடுக்கே போனதால் ஊர்ப் பிள்ளைகள் நான்கு மாதமாகத் தோலை மென்று துப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் தாய் இஷ்மோ பானையோடு வந்தாள். நிறைந்திருந்த சுண்ணாம்புத் தொட்டியைத் தாண்டிப் போய், ஈரம் காயாத முதல் படியில் ஐந்து விரலையும் அழுத்திச் சுண்ணாம்பை வழித்துப் பானையில் போட்டுக்கொண்டாள்.

"சாமி சொத்துல கை வைக்கிற. திருப்பிப் போடு," என்றான் கங்காணி.

"காலையில நீ ரொட்டி தின்னியே, அது எந்தச் சுண்ணாம்புல வெந்துது?"

கங்காணி வாயைத் துடைத்துக்கொண்டான். அவள் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். வெள்ளைப் படியில் ஐந்து கோடுகள், உள்ளே கல் தெரியுமளவு ஆழமாக இருந்தன.

"பார்த்துட்டு நிக்கிறியே, பூசி மூடுடா," என்றான் கங்காணி பூச்சுக்காரனிடம்.

பூச்சுக்காரன் கரண்டியைக் கீழே வைத்தான். நிறைந்திருந்த தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"சுண்ணாம்பு தீந்துபோச்சுங்க," என்றான்.