பதினைந்து பின் ஜாய்ஸ்டிக்

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தி ஓய்வுபெற்ற ஸ்டெல்லா, இருபத்திரண்டு வருடமாகப் பீரோவில் பூட்டிவைத்திருந்த, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாடும் ஜாய்ஸ்டிக்கை மகனுக்காக வெளியே எடுத்தாள். பிளஸ் டூ படிக்கும்போது அவன் கையிலிருந்து பிடுங்கியது. பதினைந்து ஊசிப் பின்கள் கொண்ட அதன் வயர் முனை இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் சேராது. அதை வெட்டிவிட்டு, வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டில் ஈயத்தால் பற்றவைத்து, அதிலிருந்து யுஎஸ்பி கேபிளை இழுத்தாள். வலப்பக்கம் சாய்த்தால் திரையில் அம்புக்குறி நடுங்கியது. உள்ளே தேய்ந்திருந்த பாகத்தை மாற்ற இன்னொரு வாரம் ஆனது.

கிறிஸ்துமஸுக்கு வந்த மகன் ஜெரோம் அதைப் பார்த்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். பைலட் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறான். திரையில் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியது.

"நல்லா வேலை செய்யுதாப்பா?"

"செய்யுதும்மா." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். "நீங்க இதப் பிடுங்கி வச்ச வருஷம் பைலட் டிரெயினிங் ஃபாரத்த உங்ககிட்ட குடுத்து போஸ்ட் பண்ணச் சொன்னேன். ஆறு மாசம் பதிலுக்குக் காத்திருந்தேன். நீங்க அதப் போஸ்ட் பண்ணுனீங்களாம்மா?"

ஸ்டெல்லா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இல்லப்பா."

ஜெரோம் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தான். விமானம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கத் தொடங்கியது. தரையில் மோதும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.