இருபது ரூபாய்க்கு மூணு

"இன்னைக்கும் எண்ணெய் இல்லையா அண்ணே?"

ஹோட்டலின் பின்வாசலில் வெறும் கேனோடு நின்றிருந்தாள் காஞ்சனா. சரக்கு மாஸ்டர் சூசைராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"காலைலயே வேன்காரன் வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான்மா."

"எனக்குன்னு ஒரு அஞ்சு லிட்டர் ஒதுக்கி வச்சிருக்கக் கூடாதா?"

"நான் என்ன செய்ய? முதலாளி கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். பொரிச்சு மிஞ்சுற எண்ணெய் ஒரு சொட்டு விடாம அவனுக்குத்தான். தராசோட வர்றான்."

"அப்படி என்னதான் பண்றான் அதை வச்சு?"

"டீசல் ஆக்குறாங்களாம். லாரிக்குப் போட."

காஞ்சனா கேனைத் தரையில் வைத்தாள். "மனுஷன் பொழப்பைப் பிடுங்கி லாரிக்கு ஊத்துறாங்களா?"

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே மிர்ச்சி பஜ்ஜி வண்டி போட்டிருந்தாள் அவள். ஹோட்டலில் பூரியும் சமோசாவும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை லிட்டர் முப்பது ரூபாய்க்கு வாங்கித்தான் எட்டு வருஷமாக அடுப்பு எரிந்தது. புருஷன் இறந்த பிறகு வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாமே அந்த வண்டியிலிருந்துதான்.

"வேன்காரன் என்ன தர்றான்?"

"அறுபது."

"நான் நாற்பது தர்றேன். சரி, நாற்பத்தஞ்சு."

"நீ எழுபதே குடுத்தாலும் முதலாளி தரமாட்டார் தங்கச்சி. எழுதிக் குடுத்தாச்சு. பேசாம புது எண்ணெய் வாங்கிடேன்."

"புது பாமாயில் நூத்தி நாற்பது சொல்றான் அண்ணே. வெளிநாட்டுல அதையும் டீசல்ல கலக்குறாங்களாம், அதான் ஏறுதுன்னு கிரானா கடைக்காரர் கதை சொல்றார். பழசும் லாரிக்கு, புதுசும் லாரிக்கு. நான் எதை ஊத்தி பஜ்ஜி போடறது, தண்ணியையா?"

சூசைராஜ் உள்ளே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியோடு திரும்பி வந்தார்.

"ஏறி உட்காரு. எங்க ஹோட்டலுக்குச் சரக்கு போடற கடைக்குப் போவோம். நான் கேட்டா எங்க ரேட்டுக்கே ஒரு டின் தருவார்."

அந்த ரேட்டும் லிட்டருக்கு நூற்றிருபதுக்குக் குறையவில்லை. கேஸ் சிலிண்டருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள் காஞ்சனா.

மறுநாள் மூன்று மணிக்கு வண்டியைச் சுற்றிச் சண்டை.

"கைக்கு அம்மா, ஏன் இப்படி? நேத்து வரைக்கும் இருபது ரூபாய்க்கு நாலு, இன்னைக்கு மூணா?" தட்டை நீட்டிக் காட்டினார் கிரேன் ஓட்டும் நூர் முகமது.

"எண்ணெய் விலை அப்படி பாய்."

"எண்ணெய் ஏறுது, முட்டை ஏறுது. என் சம்பளம் மட்டும் அங்கேயே நிக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் தினமும் இரண்டு தட்டு வாங்குபவர், ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அவரோடு வந்த இருவர் வாங்காமலேயே டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

ஷிப்ட் பஸ்கள் கிளம்பிப் போய்விட்டன. பாத்திரத்தில் பாதி மாவு அப்படியே இருந்தது. தட்டில் பொரித்த பஜ்ஜிகள் ஆறிக்கொண்டிருந்தன.

ஓய்வு நேரத்தில் அந்தப் பக்கம் வந்த சூசைராஜ் மாவைப் பார்த்தார், காஞ்சனாவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு தட்டுக்குப் பணம் வைத்தார்.

"நக்கோ அண்ணே, எடுத்துக்கோங்க. உங்ககிட்ட போய் காசு வாங்குவேனா?"

"வச்சுக்கோ. எனக்கே மனசு கேக்கலை. ராத்திரி முதலாளிகிட்ட கெஞ்சிப் பார்த்தேன். வாரத்துக்கு ரெண்டு கேன், வேனுக்குப் போகாம உனக்குத் தரலாம்னு சொல்லிட்டார். நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கோ."

காஞ்சனா எண்ணெயில் மிதந்த பஜ்ஜியைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் கறுப்பில்லாமல், சட்டியின் அடி தெரிந்தது.

"வேணாம் அண்ணே."

"என்னம்மா சொல்றே? நேத்து அந்தச் சண்டை போட்டியே! அதே பழைய விலைதான், முப்பது."

"இருக்கட்டும். வேன்காரனே எடுத்துக்கட்டும்."

"கோபமா என் மேல?"

"உங்க மேல என்ன கோபம்? பஜ்ஜி இருபது ரூபாய்க்கு மூணாவே இருக்கட்டும். வர்றவங்க வரட்டும்."

"நஷ்டமாகுமே, தாங்குவியா?"

"காலைல இட்லியும் போடறேன். பார்த்துக்கலாம்."

அப்போது ஸ்கூல் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள் அவள் மகள் சாஹித்யா. பையை இறக்கும் முன்னே, புது எண்ணெயிலிருந்து சூடாக ஒரு பஜ்ஜியை எடுத்துக் காகிதத்தில் வைத்து நீட்டினாள் காஞ்சனா. குழந்தை கையை நீட்டவில்லை. அம்மாவையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பாப்பா யோசிக்கிறே?" என்றார் சூசைராஜ். "பஜ்ஜி பிடிக்காதா?"

"பிடிக்குமான்னு தெரியாது அங்கிள்" என்றாள் சாஹித்யா. "நம்ம வண்டி பஜ்ஜியை அம்மா இதுவரைக்கும் என்னைத் தொடவே விட்டதில்லை."