வேற மாதிரி வாசி

“ஏலே ஜெபசிங், நேத்து வாசிச்சதையே இன்னைக்கும் வாசிச்சேன்னு வை, காலையில உன்னை உங்க ஊரு நாசரேத்துக்கே கரியில ஓடுத பஸ்ல ஏத்தி விட்டுருவேன்.”

கிளப்பின் பேண்டு மாஸ்டர் பொன்னுதுரை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜெபசிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கிளாரினெட் வியர்வையில் வழுக்கியது.

“நேத்து எல்லாரும் கை தட்டுனாவளே அண்ணாச்சி?”

“அது நேத்து. இது ஞானப்பாட்டு இல்லல, ஜாஸு. மெட்டு ஒண்ணுதான். நடுவுல உன் முறை வரும்போது அந்த நேரத்துக்கு மனசுல என்ன தோணுதோ அதை வாசிக்கணும். தெனமும் ஒரே மாதிரி கேக்கணும்னா வீட்டுலயே கிராமபோன் பிளேட்டைப் போட்டுக் கேட்டுக்கிட மாட்டாவளா? இங்கன எதுக்கு வாராவ?”

“எனக்கு ஒண்ணும் தோணலைன்னா?”

“தோணும்ல. பழைய ஆளு பட்டாளத்துக்குப் போனதுலேர்ந்து ஆள் கிடைக்காம அலையுதேன். இன்னைக்குத் தேறிட்டேன்னா வேலை உனக்குத்தான்.”

வேலை கிடைத்துவிட்டது என்று ஜெபசிங் நேற்றே, தன்னோடு வந்திருந்த மனைவியிடம் சொல்லிவிட்டான். கிருபை அதைத் தாங்கள் தங்கியிருந்த தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அவனுக்குத் தெரிந்த ஜாஸ் ஒன்றே ஒன்று. நாசரேத்து மிஷன் பங்களாவில் ஓர் இசைத்தட்டு இருந்தது. கிராமபோனில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒரு சுரம் விடாமல் மனப்பாடம் செய்திருந்தான். அதைத்தான் நேற்று வாசித்தான். சர்ச்சில் ஞானப்பாட்டை மாற்றி வாசித்தால் பாதிரி ஐயர் திட்டுவார். இங்கே மாற்றாவிட்டால் வேலை போகும். இது என்ன சங்கடம்!

யுத்தகாலம். வெளிச்சம் கடல் பக்கம் தெரியாதிருக்கக் கிளப்பின் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே புழுக்கம். மூலை மேஜையில் ஒரு கறுப்பின அமெரிக்கச் சிப்பாய் தனியாக உட்கார்ந்திருந்தான். நேற்றும் அவன் அங்கேதான் உட்கார்ந்து, ஜெபசிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, உன் முறை!” டிரம் வாசித்த ஜீவமணி கிசுகிசுத்தார்.

ஜெபசிங் எழுந்தான். மாற்ற வேண்டும். முதல் சுரத்தையாவது மாற்ற வேண்டும். விரல்கள் கேட்கவில்லை. நேற்று வந்த சுரங்களே வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஜீவமணி தாளத்தை விட்டுவிட்டுத் தடுமாறினார். நேற்றும் தடுமாறினார். பாவம், வயதான மனிதர்.

வாசித்து முடித்து உட்கார்ந்தபோது பொன்னுதுரையின் முகம் இருண்டிருந்தது.

“அப்படியே நேத்து வாசிச்சதுல்லா இது!”

“அண்ணாச்சி...”

“பேசாத. அந்தா, ஒருத்தன் கண்டுபிடிச்சுட்டான். எந்திரிச்சு வாரான் பாரு.”

அந்தச் சிப்பாய் நேராக மேடைக்கு வந்தான்.

“நீ வாசித்தது என்னுடையது” என்றான் ஆங்கிலத்தில். “பட்டாளத்தில் சேருவதற்கு முன் நான் கிளாரினெட் வாசித்தேன். இந்த மெட்டின் இசைத்தட்டில் வாசித்தவன் நான்தான்.”

ஜெபசிங்கின் கண்முன்னே கிருபையின் முகம் வந்தது.

“ஒவ்வொரு சுரமும் என்னுடையது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. நடுவில் நீ சட்டென்று ஒரு தாவு தாவுகிறாய், தாளக்காரரே தடுமாறுகிறார். நேற்று அதைத் தவறு என்று நினைத்தேன். இன்றும் தாவினாய். நான் இதை எத்தனையோ ஊர்களில் எத்தனையோ விதமாக வாசித்திருக்கிறேன். அப்படி ஒரு தாவல் எனக்குத் தோன்றியதே இல்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுப்பாயா?”

பொன்னுதுரை ஜெபசிங்கின் முதுகில் ஓங்கித் தட்டினார். “ஏலே, கள்ளப்பயலே! இவ்வளவு சரக்கை உள்ள வச்சுக்கிட்டா பயந்துகிட்டு இருந்த? இனிமே நீதாம்ல நம்ம ஆளு!”

“எப்படித் தோன்றியது அது?” சிப்பாய் விடுவதாக இல்லை.

ஜெபசிங் கிளாரினெட்டைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். மிஷன் பங்களா இசைத்தட்டில் அந்த இடத்தில்தான் ஒரு கீறல். அங்கே வந்ததும் கிராமபோன் முள் ஒவ்வொரு தடவையும் தாவிவிடும்.