சீல் உடையாத ஜோடி

சீர்த்தட்டில் தங்கம் இருந்த இடத்தை ஒரு தலைமுறைக்கு முன்பே இயர்போன் பிடித்துக்கொண்டது. உயர்ரக ஜோடி ஒன்றின் விலை அப்படி ஏறிக் கிடந்தது. ஆனால் சீல் உடைந்துவிட்டால் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆளில்லை. அதனால் கோயம்புத்தூரில் அதைக் காதில் வைத்துக் கேட்டவர் யாருமே கிடையாது.

நிச்சயதார்த்தத்தன்று தாரகை, தன் சம்பளத்தில் வாங்கிய ஜோடியைச் சபையில் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா மோனிஷா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சீல் அப்படியே இருக்குது. எங்கல்யாணத்துக்கு வெச்ச ஜோடியும் இன்னும் லாக்கர்லதான் கண்ணு இருக்குது. தொட்டதே இல்ல."

"குடுங்கத்தை" என்று பெட்டியை வாங்கிய தாரகை, நகத்தால் சீலைக் கிழித்தாள்.

சபையே பதறி எழுந்தது. "ஏஞ்சாமி இப்படிப் பண்ணிட்ட?" என்று அவள் அப்பா தலையில் கைவைத்தார்.

"பாட்டுக் கேக்கத்தானுங்கப்பா வாங்குனேன்."

இரண்டு காதிலும் செருகிக்கொண்டு பாட்டைப் போட்டாள். அடுத்த அடிக்கு முன்னால் பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. தாரகைக்குச் சிரிப்பு பொங்கியது. முகம் சிவக்க எதிரே வந்து நின்ற மோனிஷாவின் காதில், தன்னுடையதில் ஒன்றைக் கழற்றி மெல்ல வைத்தாள்.

பாட்டு முடியும்வரை மோனிஷா அசையவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, பேங்க் மூடறதுக்குள்ள போயி நம்ம ஜோடிய எடுத்துட்டு வாங்க. வரும்போது ஒரு கத்திரிக்கோலும் வாங்கிட்டு வாங்க."